மாப்பிள்ளை கொண்டுவந்த கேமரா

மார்ச் 4, செவ்வாய்

மாப்பிள்ளை இன்று கேமராவோடு வந்து இறங்கினார். தோளில் ஒரு பை, ஒரு கையில் முக்காலி, அக்குளில் விளக்கப் புத்தகம். வீட்டை விட்டு ஓடுகிறவன்கூட இத்தனை சாமானோடு ஓடமாட்டான். பின்னாலேயே என் மகள். ஆபரேஷனுக்கு முன்னால் என் குரலைக் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறார்களாம். குளிர்காலத் துணியை மடித்து எடுத்து வைப்பதுபோலச் சொன்னாள்.

என் குரல்வளையில் கட்டி. டாக்டர் போன வாரம் படம் வரைந்து காட்டினார். ஓவியத்தில் முட்டை வாங்கியவராக இருக்க வேண்டும், ஒரு கத்தரிக்காயைப் போட்டு இதுதான் உங்கள் தொண்டை என்றார். திறந்து பார்த்துத்தான் சொல்ல முடியுமாம். பாதியை விட்டுவைக்க முடிந்தால் கரகரவென்றாவது பேசலாம். முடியாவிட்டால் மொத்தமும் போகும், கழுத்தில் ஒரு ஓட்டை, அது வழியாக மூச்சு. முயற்சி பண்ணுகிறேன் என்றார். ஒழுகும் பைப்பைப் பார்க்க வருகிறவரும் இதைத்தான் சொல்வார்.

ஏலம் கூறி வயிறு வளர்த்தவன் நான். பழைய பீரோவும் கட்டிலும் செத்தவர்களின் கடிகாரங்களும் என் வாயால் விலைபோயின. மைக் வைத்துக்கொண்டதே இல்லை. கடைசி வரிசையில் தூங்குகிறவன் என் இரண்டாம் தரத்தில் விழித்து, மூன்றாம் தரத்துக்குள் கையைத் தூக்கிவிடுவான். அந்தக் குரலை எடுத்து வைக்க வந்திருப்பவர் யார்? குளியலறை டைல்ஸ் விற்கும் கடையில் மேலாளர்.

விளக்கைப் போட்டால் நான் பச்சையாகத் தெரிகிறேனாம். என் முகத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடிக்கச் சொன்னார். வெள்ளை எது என்று கேமராவுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். கடையில் வெள்ளையிலேயே இருபது வகை எடுத்துப் போடுகிற மனிதர், வெள்ளை தெரியாத இயந்திரத்தைப் பார்த்து வாங்கியிருக்கிறார். தாளைப் பிடித்தேன். இப்போது ஆரஞ்சாகிவிட்டேன்.

பிறகு மெனுவுக்குள் போய், "எந்தத் தரத்துல வைக்கலாம் மாமா?" என்றார்.

"மூணாந்தரத்துல வைங்க. நம்ம குடும்பத்துக்கு அதுதான் பொருத்தம்."

அவர் உண்மையாகவே தேடினார். அதுதான் கொடுமை.

மார்ச் 5, புதன்

மாப்பிள்ளைக்கு இன்னும் வெள்ளை கிடைக்கவில்லை. டாக்டர் கழுத்தை அறுக்கக் காத்திருக்கிறார், இவர் காத்திருக்காமல் அறுக்கிறார்.

மார்ச் 8, சனி

ஏலக்கூடத்துக்குப் போனேன். விடுப்பு சொல்லத்தான். எனக்குப் பதிலாக முதலாளி தன் மச்சானை நிறுத்தியிருக்கிறார். நாற்பது வயதுக்காரர், சட்டைக் காலரில் குட்டி மைக். 'ஒரு தரம்' என்பதை அவர் சொன்ன விதம் இருக்கிறதே, பக்கத்து வீட்டில் குடை இரவல் கேட்பவன்கூட அதைவிடத் தைரியமாகக் கேட்பான். ஒரு நல்ல சாப்பாட்டு மேஜையை யாரும் கேட்காமல் விட்டுவிட்டார். மூன்று பேர் கண்ணாலேயே கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்தேன். இவர் தன் மைக்கையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி தோளைத் தட்டி, உங்கள் இடம் அப்படியே இருக்கும் என்றார். இடம் அப்படியேதான் இருந்தது. அதில் ஒரு தண்ணீர்க் கேன் உட்கார்ந்திருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

முதல் பதிவு. முன்னறையில் ஜன்னலோரம் நாற்காலி. இயல்பாகப் பேசுங்கள் என்கிறார் மாப்பிள்ளை. இவர் மூன்றடி தூரத்தில் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குனிந்து நிற்க, மகள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு நிற்க, நான் இயல்பாகப் பேச வேண்டும்.

என்ன பேசுவது? மகள் பேப்பரைக் கொடுத்தாள். மரண அறிவிப்புப் பக்கத்தை எடுத்து, ஏலம் கூறும் குரலில், வயது சொல்லி வாசித்தேன். மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளை எடுத்துக்கொண்டே இருந்தார். அவருக்கு என் குரலா, செத்தவர் பட்டியலா என்பதெல்லாம் அக்கறை இல்லை. சிவப்புப் புள்ளி எரிந்தால் போதும்.

போட்டுக் கேட்டோம். நான் பேசும்போது தகரக் கூரையில் கல் விழுகிற சத்தம். நான் மூச்சு வாங்க நிறுத்தினால் மின்விசிறி புயலாக எழும்புகிறது. ஒலியை ஆட்டோவில் வைத்திருக்கிறாராம். சத்தம் குறைந்தால் அதுவே ஏற்றிக்கொள்ளும், கூடினால் அதுவே அமுக்கிவிடும் என்று பெருமையாக விளக்கினார். அதாவது, பேசுகிறவனை அமுக்கிவிட்டு மின்விசிறியைத் தூக்கிவிடுகிறது. எங்கள் ஏலக்கூடத்து முதலாளி செய்வதை இவ்வளவு விலை கொடுத்து ஓர் இயந்திரத்திடம் வாங்குவானேன்?

சமையலறையிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள், என் மனைவி. "எல்லாரும் டீ குடிக்கிறீங்களா?" அவ்வளவுதான். இந்த வீட்டில் அவள் பேச்சு அந்த அளவில்தான் இருக்கும். நமக்கும் அது சௌகரியம்.

மார்ச் 11, செவ்வாய்

அண்ணன் வந்தார். கேமராவைப் பார்த்ததும் கூப்பிடாமலே அதன் முன்னால் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டார். என்னை எப்படித் தூக்கி வளர்த்தார் என்று பேசினார். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர், எதைத் தூக்கினாரோ. பேசப் பேசக் குரல் தழுதழுத்தது, கண்ணீரே வந்துவிட்டது. முடிந்ததும் மூக்கைச் சிந்திவிட்டு மாப்பிள்ளையிடம் கேட்டார்:

"கண்ணீர் சரியா விழுந்துச்சா?"

சரியாக விழவில்லை. வெளிச்சம் எதிர்ப்பக்கம் இருந்ததாம். நாற்காலியைத் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை அழுதார். நான் பக்கத்து அறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். சாகப்போகிறவன் நான், ஒத்திகை இவருக்கு.

மார்ச் 13, வியாழன்

நடந்தது நடந்துவிட்டது.

மாலையில் மாப்பிள்ளை நேராகக் கடையிலிருந்து வந்தார். தேதி விவகாரம். படத்தின் மூலையில் தேதியும் நேரமும் விழ வேண்டுமாம். கேமரா நம்மைப் பதினோரு வருஷம் பின்னால் வைத்திருக்கிறது. மாதத்தைத் திருத்தினால் நாள் போய்விடுகிறது, நாளைத் திருத்தினால் காலை மாலையாகிவிடுகிறது. நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். தேதி எதற்கு என்று கேட்டேன்.

"அப்புறம் பார்க்கும்போது எப்ப எடுத்ததுன்னு தெரியணும்ல மாமா."

அப்புறம். அந்த ஒரு வார்த்தை. என்ன வந்தது என்று தெரியவில்லை, எழுந்துவிட்டேன். அப்புறம்னா எப்ப? என்னைக் கொண்டுபோய்ப் போட்டுட்டு வந்து, எல்லாரும் டீ குடிச்சுக்கிட்டே பார்க்கவா? இன்னும் என்னென்னவோ. கடைசியில் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது:

"கக்கூஸுக்கு டைல்ஸ் விக்கிறவன் கையில கேமராவக் குடுத்தா, மனுஷனையும் செவுத்துல ஒட்டத்தான் பார்ப்பான்."

மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. முக்காலியை மடக்கினார். கேமராவை மட்டும் சார்ஜில் போட்டுவிட்டு, அவளிடம் போய், சிவப்பு விளக்கு பச்சையானதும் கழற்றிவிடுங்கள் அத்தை என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு மனிதனுக்கு ரோஷம் வேண்டாமா? பதிலுக்கு ஒரு வார்த்தை? வாயில்லாப் பூச்சி. இப்படிப்பட்ட ஆளைத் திட்டினால் திட்டிய நிறைவுகூடக் கிடைப்பதில்லை.

பிறகு மகள் போன் செய்தாள். தினமும் கடையில் சீக்கிரம் கிளம்பக் கேட்டுக்கொண்டு ஓடி வருகிறாராம். விளக்கப் புத்தகத்தைச் சாப்பிடும்போதுகூடப் படிக்கிறாராம். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவள் அழவில்லை, கத்தவில்லை. சாதாரணமாகச் சொன்னாள்:

"நீங்க பேசவே வேணாம்பா. நீங்க திட்டுறதெல்லாம் எனக்கு மனப்பாடம். பதிவு எதுக்கு."

மார்ச் 15, சனி

மனைவி மருந்து வாங்கப் போயிருந்தாள். வீட்டில் யாரும் இல்லை. கேமராவை ஜன்னல் திண்டில் வைத்து, சிவப்புப் பொத்தானை அமுக்கி, எதிரில் நின்றேன். யார் தயவும் வேண்டாம். நானே எடுத்து நானே கொடுத்துவிட்டுப் போகிறேன்.

ஏலம் கூறினேன். இல்லாத பீரோ ஒன்றை விற்றேன். தேக்கு, ஆளுயரக் கண்ணாடி, மூன்று தட்டு. என் கூற்று எப்படி ஏறும் என்று எனக்குத் தெரியும். முதல் தரத்தில் நிதானம், இரண்டாவதில் ஒரு சின்ன நிறுத்தம், மூன்றாவது இடிபோல இறங்க வேண்டும்.

போட்டுப் பார்த்தேன்.

ஒரு கிழவன். வாய் திறக்கிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது. வருவது கதவுக் கீல் சத்தம். மூன்றாம் தரம் இடிக்கவே இல்லை, இருமலில் போய் விழுந்தது. ஒலி ஆட்டோவில் இருந்ததால் அப்படியோ என்று, மெனுவில் தேடி ஆட்டோவை எடுத்துவிட்டு, மறுபடி விற்றேன். அதே கீல். அளவைக் கூட்டினேன். கீல் பெரிதானது.

மாப்பிள்ளை இத்தனை நாளாக இதைத்தானே காதில் மாட்டிக்கொண்டு கேட்டிருக்கிறார்? மகளும் கேட்டிருக்கிறாள். தெரிந்துகொண்டே, இன்னொரு தடவை மாமா, இன்னொரு தடவை மாமா என்று. எடுத்து வைக்க வேண்டிய குரல் எப்போதோ போய்விட்டது. என்னிடம் சொல்லத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

இரண்டையும் அழித்தேன். அழிப்பதற்கு மட்டும் கேமரா இரண்டு முறை கேட்கிறது. நிச்சயமாகவா? நிச்சயமாகவா? என் மீது அக்கறை உள்ள ஒரே பிராணி.

மார்ச் 19, புதன்

நாளைக்கு. அவள் பையில் துண்டு, சோப்பு, என் செருப்பு எல்லாம் வைத்தாள். ஷேவிங் சாமானும் வைத்தாள். அறுக்கிற இடத்துக்குப் பிளேடு எடுத்துப்போகிற ஒரே நோயாளி நானாக இருப்பேன்.

பாதி தப்பும் என்று நினைக்கிறேன். டாக்டர் முகத்தில் அப்படி ஒரு சாயல் இருந்தது. பாதி போதும். பாதிக் குரலை வைத்துக்கொண்டு அந்த மச்சானைவிட நன்றாக விற்பேன்.

மார்ச் 26, புதன்

மொத்தமும் எடுத்துவிட்டார்கள்.

முயற்சி பண்றேன்னு சொன்னியே, இதானா உன் முயற்சி? கசாப்புக் கடைக்காரன்கூட எலும்பைத் தனியாக வைத்துக் கொடுப்பான். காலையும் மாலையும் வந்து நிற்கிறார், பின்னால் நான்கு பேர், கழுத்தை அப்படியும் இப்படியும் பார்த்து, அழகாக ஆறுகிறது என்கிறார். தையல் அழகைப் பார்க்கவா இங்கே வந்து படுத்தேன்?

மூக்கில் குழாய். கழுத்தில் குழாய். இருமினால் கழுத்திலிருந்து வருகிறது.

கடைசியாக நான் பேசியது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். தள்ளுவண்டியில் படுக்கவைத்து உள்ளே கொண்டுபோகும்போது, தள்ளியவரிடம் சொன்னேன்: "வலது சக்கரம் கோணுது, எண்ணெய் போடுங்கய்யா." அதுதான். என் கடைசி வார்த்தை எண்ணெய் போடச் சொன்னது. போடவில்லை. இப்போதும் நடைபாதையில் அது கத்திக்கொண்டு போகிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாயிற்று. கழுத்தில் ஒரு துணி, குழந்தைக்குக் கட்டுவதுபோல. எதிலும் வாசனை இல்லை. மூச்சு மூக்கு வழியாகப் போவதே இல்லையே, வாசனை எங்கிருந்து வரும்?

சிலேட் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். நான் எழுதி முடிக்கும்வரை காத்திருக்கிற மனிதப் பிறவியை இன்னும் பார்க்கவில்லை. அண்ணன் நான் எழுதும்போதே படித்து, வாக்கியத்தை அவரே முடித்து, அதற்குப் பதிலும் சொல்லிவிட்டுப் போகிறார். 'ஜன்னலை' என்று எழுதினேன். "திறக்கணுமா? திறக்கிறேன்" என்று திறந்தார். மூடச் சொல்ல வந்தேன்.

வருகிறவர்கள் எல்லாரும் காதோரம் வந்து கத்துகிறார்கள். குரல் போனவனுக்குக் காதும் போய்விட்டதாக யார் சொன்னது? முதலாளி வந்து, கையால் சைகை செய்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டார். வாய் பேச முடிந்தவர் சைகை செய்கிறார். நான் சிலேட்டில் 'மேஜை விற்றதா' என்று எழுதினேன். கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். விற்கவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

கரண்ட் குரல் என்று ஒரு கருவி கொடுத்தார்கள். தாடையடியில் வைத்து அமுக்கிக்கொண்டு வாயை அசைத்தால் பேச்சு வருமாம். வந்தது. ஷேவிங் மெஷின் பேசக் கற்றுக்கொண்டால் இப்படித்தான் இருக்கும். அவள் திரும்பிக்கொண்டாள், சிரிக்கிறாளா என்ன என்று தெரியவில்லை. கருவியை மேஜை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

பொழுது போகவில்லை. பேச்சை வைத்துத்தான் பொழுதை ஓட்டியிருக்கிறேன் போல.

கேமரா அலமாரி மேலேயே இருக்கிறது. மாப்பிள்ளை எடுத்துப்போகவில்லை. ஞாயிறுதோறும் வருகிறார், என் காலருகில் உட்கார்கிறார், போகிறார். விளக்கப் புத்தகத்தைப் படித்தேன். எழுதியவனை நடுத்தெருவில் நிறுத்திக் கேட்க வேண்டும். 'விரும்பிய அமைப்பை விரும்பியவாறு அமைத்து விரும்பினால் சேமிக்கவும்.' நீ என்ன விரும்புகிறாய் என்று முதலில் சொல்லடா.

ஆனாலும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். வெள்ளை ஒன்றும் பெரிய விஷயமில்லை. தாளை முகத்துக்கு நேராகப் பிடிக்கக் கூடாது, வெளிச்சம் விழுகிற பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். திரைச்சீலையை எடுத்தேன், குழாயில் சொட்டுகிற தண்ணீரை எடுத்தேன். எதிர்வீட்டுக்காரர் காரைத் துடைப்பதை எடுத்தேன். துடைத்த இடத்தையே துடைக்கிறார், அழுக்கான பக்கம் போகவே மாட்டேன் என்கிறார். இத்தனை வருஷம் இவருக்கு வணக்கம் வேறு சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

மத்தியானம். அவள் முன்னறை ஜன்னலருகில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் கேமராவை எடுத்துப் பிடித்தேன், வேறு ஒன்றும் இல்லாததால்தான். ஜன்னல் வெளிச்சம் பின்னாலிருந்து அடித்ததில் அவள் முகம் கரிக்கட்டையாகத் தெரிந்தது. எதிர்வெளிச்சத்துக்கென்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டேன். ஜன்னல் வெளுத்துப்போய் அவள் முகம் மெல்ல மேலே வந்தது. நெற்றியில் ஒரு சின்ன வெட்டுத் தழும்பு. எப்போது பட்டது? கேட்கலாம் என்று சிலேட்டைத் தேடினேன்.

அவள் நிமிர்ந்து பார்த்து, "சத்தமும் விழுதா இதுல?" என்றாள்.

தலையாட்டினேன்.

கையிலிருந்த துண்டை மடித்து முடித்து மேலே வைத்தாள். நாற்காலியை இழுத்து நேராக உட்கார்ந்தாள்.

"அப்ப ஒண்ணு சொல்றேன். நடுவுல எழுதிக் காட்டக் கூடாது."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. இவள் எனக்கு நிபந்தனை போடுகிறாள்.

"அன்னிக்கு ஆபரேஷன் நடக்கும்போதே டாக்டர் வெளிய வந்தாரு. பொண்ணு கீழ மருந்து வாங்கப் போயிருந்தா. நானும் மாப்பிள்ளையும்தான் இருந்தோம். பாதிய விட்டுவைக்கலாம், குரல் கொஞ்சம் நிக்கும், ஆனா வெட்டுன ஓரம் எனக்குத் திருப்தியா இல்ல, கட்டி திரும்ப வந்தாலும் வரலாம்னாரு. என்ன செய்யட்டும்னு என்னைக் கேட்டாரு. நேரமில்ல, உடனே சொல்லுங்கன்னாரு."

சாலையில் ஏதோ வண்டி போனது. அது போகும்வரை நிறுத்தினாள்.

"எடுத்துடுங்கன்னேன். முழுசா எடுத்துடுங்கன்னேன். உங்களக் கேட்டிருந்தா குரல்தான் வேணும்னிருப்பீங்க. எனக்கு ஆள் வேணும். நீங்க தினமும் அந்த டாக்டரை சிலேட்டுல திட்டி எழுதறீங்க. அவரு மேல ஒண்ணுமில்ல. திட்டணும்னா என்னைத் திட்டுங்க."

எழுந்து, மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கேமரா காலி நாற்காலியை எடுத்துக்கொண்டே இருந்தது.

நான் கத்தினேன். கத்தினேன் என்றுதான் எழுத வேண்டும், உடம்பு முழுக்கக் கத்தியது. கழுத்துத் துணி மட்டும் படபடத்தது. என் தொண்டை. என் பிழைப்பு. யாரைக் கேட்டு? உப்புப் பத்துமா என்று இத்தனை வருஷம் என்னைக் கேட்டுக் கேட்டுப் போட்டவள்! மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். இருட்டும்வரை யாரும் கூப்பிட வரவில்லை.

அந்த டைல்ஸ்காரருக்கும் தெரிந்திருக்கிறது. இத்தனை ஞாயிறும் என் காலருகில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை விடவில்லை.

ஏப்ரல் 23, புதன்

அவளோடு பேசவில்லை.

இப்படி எழுதிவிட்டுப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. யாரோடு பேசினேன்? சிலேட்டை எடுக்கவில்லை என்று எழுத வேண்டும்.

ஏப்ரல் 25, வெள்ளி

போட்டுப் பார்த்தேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன். எங்கேயாவது இழுக்கிறாளா, கண்ணை வேறு பக்கம் திருப்புகிறாளா என்று. பொய் விலை சொல்கிறவனை முகத்தில் பிடித்துவிடுகிறவன் நான்.

திருப்பவில்லை. 'எனக்கு ஆள் வேணும்' என்கிறபோது கேமராவைப் பார்க்கவில்லை, கேமராவுக்கு மேலே பார்க்கிறாள். அங்கேதானே நான் இருந்தேன்.

என்ன ஆள்? எதற்கு இந்த ஆள்? இந்த வீட்டில் என்னால் அவளுக்கு என்ன? மூன்று தடவை பார்த்தேன். அவள் குரல் கட்டையானது. அது எனக்குத் தெரியாது. மெல்லிய குரல் என்று நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 28, திங்கள்

பரிசோதனைக்குப் போனோம். டாக்டர் வழக்கம்போலத் தையலை மெச்சிக்கொண்டார். சிலேட்டில் எழுதிக் கேட்டேன், பாதியை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. படித்துவிட்டு அவளைப் பார்த்தார், பிறகு என்னை.

"தெரியாதுங்க. எப்படி வேணா போயிருக்கலாம். நானா இருந்தாலும் அவங்க சொன்னதத்தான் சொல்லியிருப்பேன்னு சத்தியம் பண்ண முடியாது."

இவ்வளவு படித்துவிட்டு, தெரியாது. அதைச் சொல்ல ஒரு வெள்ளைக் கோட்டு. ஆனால் முதல் தடவையாக அந்த ஆள் மேல் வெறுப்பு வரவில்லை. முயன்று பார்த்தேன். வரவில்லை.

வெளியே வந்ததும் அவள் படியில் இறங்கத் தடுமாறினாள். முழங்கையைப் பிடித்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையை விடவும் இல்லை.

மே 1, வியாழன்

மனைவியை எடுப்பதே வேலையாகிவிட்டது. அவளாகவே வந்து உட்கார்கிறாள். நேற்று அவள் வீட்டுச் சண்டை ஒன்று, அவள் பெரியப்பா அடகு வைத்த சைக்கிள் பற்றி. இன்று நான் சேர்ந்த புதிதில் ஏலக்கூடத்துக்கு அவள் வந்து கடைசி வரிசையில் நின்று பார்த்த கதை. கதை சொல்லவே தெரியவில்லை, முடிவை முதலில் சொல்லிவிட்டு நடுவில் இருமுகிறாள். யாருக்கும் தெரியாமல் வந்தாளாம். யாரோ தள்ளி நெற்றி பீரோ முனையில் இடித்ததாம், அதுதான் அந்தத் தழும்பு. எனக்குச் சொல்லவில்லையாம், திட்டுவேன் என்று. திட்டியிருப்பேன்.

நடுவில் என்னைப் பார்த்து, "நகருங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க" என்றாள். நகர்ந்தேன்.

மே 4, ஞாயிறு

மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். கடையில் ஏதோ புதுச் சரக்கைப் படம் எடுக்கக் கேமரா வேண்டுமாம், எடுத்துப்போக வந்திருக்கிறார். கேட்கத் தயங்கி அரை மணி நேரம் வானிலை பேசினார். இந்த மனிதர் எப்படிச் சரக்கு விற்கிறாரோ.

அவளும் மகளும் சமையலறையில் இருந்தார்கள். நான் கேமராவை எடுத்து அந்தப் பதிவில் நிறுத்தி — அவள் நாற்காலியை இழுத்துப் போடுகிற இடம் — அவர் மடியில் வைத்தேன். சிலேட்டில் எழுதினேன்: 'இதை யாரும் தெரியாமல்கூட அழிக்க முடியாதபடி செய்ய வேண்டும். எப்படி?'

எழுதி முடிக்கும்வரை காத்திருந்தார். கடைசிக் கேள்விக்குறி வரைக்கும். பிறகு சின்னத் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்ததும் அவர் விரல் கொஞ்சம் நின்றது. அது என்ன பதிவு என்று கேட்கவில்லை. பார்த்துவிட்டேன் என்றும் காட்டிக்கொள்ளவில்லை. மெனுவில் இரண்டாவது பக்கம், கீழேயிருந்து மூன்றாவது, பாதுகாப்பு. ஆம் என்று அமுக்கினால் படத்தின் மூலையில் ஒரு சிறு சாவி விழுகிறது.

"அவ்வளவுதான் மாமா. இனிமே நானே நினைச்சாலும் அழிக்க முடியாது."

பிறகு விளக்கப் புத்தகத்தை எடுத்து, அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றும் காட்டினார். காட்டாமல் இருப்பாரா. அதற்குக் கீழே இருந்த மற்ற ஐந்து அமைப்புகளையும் விளக்கினார்.

கேட்டுக்கொண்டிருந்தேன்.